ஹாரி உடைத்துப் போட்டதை யுனிவர்சல் விற்கிறது

ஒர்லாண்டோவுக்கோ ஒசாகாவுக்கோ டிக்கெட் போட்டாகிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், உடனே ஒரு உபதேசம் கிளம்பிவிடும். "போறதுக்கு முன்னாடி எட்டு ஹாரி பாட்டர் படத்தையும் ஒரு தடவை பார்த்துடு. அப்பத்தான் அங்க எல்லாம் புரியும்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். 2001லிருந்து 2011 வரை வந்த எட்டுப் படங்கள், கூட்டிப் பார்த்தால் 1179 நிமிடம். 19 மணி 39 நிமிடம். ஒரு சனி ஞாயிறைக் காவு கொடுத்தால் முடித்துவிடலாம்.

ஆனால் அப்படி உட்கார்ந்து பார்ப்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கதையையா பார்க்கிறார்கள்? "அதோ ஹனிடியூக்ஸ், அங்கதான் சாக்லேட் தவளை விக்கிறாங்க." "இந்த மூணு மாடி பஸ் அங்க வாசல்லயே நிக்குதாம்." டயகன் ஆலி வந்ததும் ஒரு பாஸ் பட்டன். வாங்க வேண்டிய சாமான் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு படம் ஓடுகிறது. ஏழாவது படம் வந்ததும் கொட்டாவி. அதில் பெரும்பாலும் காடும் கூடாரமும்தான், வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. "இதை ஓட்டிவிடு" என்று ரிமோட் கைமாறும்.

மறுபடி பார்ப்பது தப்பு என்று யார் சொன்னது? பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இந்தப் படங்களை ஒழுங்காக, கடைசி வரை, ரிமோட்டைத் தொடாமல் பார்த்தால், தீம் பார்க்குக்கான தயாரிப்பு ஆகாது. அந்தப் பூங்காவுக்கு எதிரான வாதம்தான் கிடைக்கும். அதுவும் பூங்காவின் பெரிய கடைகளிலிருந்தே ஆரம்பிக்கிற வாதம்.

எட்டாவது படத்தின் கடைசிக் காட்சிகளில் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளலாம். போர் முடிந்துவிட்டது. உலகத்திலேயே சக்தி வாய்ந்த மந்திரக்கோல், எல்டர் வாண்ட், ஹாரியின் கையில் இருக்கிறது. அதை வைத்திருந்தால் யாராலும் ஜெயிக்க முடியாது என்று ரான் சொல்கிறான். ஹாரி அதைப் பட்டென்று இரண்டாக உடைத்து, பாலத்திலிருந்து பள்ளத்தில் வீசுகிறான். (புத்தகத்தில் உடைப்பதில்லை, திருப்பி வைத்துவிட முடிவு செய்கிறான். அது வேறு. இங்கே பேச்சு படத்தைப் பற்றி.) எட்டுப் படம், பத்து வருஷம், சுமார் 770 கோடி டாலர் வசூல், எல்லாம் வந்து முடிகிற இடங்களில் ஒன்று இது. ஒரு பையன் ஒரு பொருளை வேண்டாம் என்கிறான்.

அதே கோலை யுனிவர்சல் கடையில் அழகான பெட்டியில் போட்டு விற்கிறார்கள். டம்பிள்டோரின் மந்திரக்கோல் என்று பெயர். டம்பிள்டோர் வைத்திருந்ததும் எல்டர் வாண்டும் ஒன்றுதான் என்பது எட்டாவது படம் வரை விழித்திருந்தவர்களுக்குத் தெரியும். கதாநாயகன் உடைத்து எறிந்த ஒரே பொருளைத்தான் ரசிகன் பத்திரமாகச் சூட்கேஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறான். இதில் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இது ஏதோ ஒரு கடைக்காரர் கவனிக்காமல் செய்த தவறு அல்ல. பூங்கா பிறந்த தேதியைப் பார்த்தால் புரியும். ஒர்லாண்டோவில் ஹாக்ஸ்மீட் திறந்தது 2010 ஜூன் 18. ஏழாவது படம் வந்தது 2010 நவம்பர், எட்டாவது 2011 ஜூலை. அதாவது கதை திரையில் முடிவதற்கு முன்பே கடை திறந்தாகிவிட்டது. எட்டுப் படங்களுக்கும் கலை இயக்குநராக இருந்த ஸ்டூவர்ட் க்ரெய்க்கே பூங்காவின் வடிவமைப்பிலும் வேலை செய்தார். அதனால் கூரை மேல் பனி, கோணலான புகைபோக்கி எல்லாம் அச்சு அசல். சும்மா சொல்லக்கூடாது, வேலைப்பாட்டில் குறை வைக்கவில்லை. டயகன் ஆலிக்குப் பெரிய வாசலோ போர்டோ வைக்காமல், லண்டன் தெரு போலிருக்கும் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்த யோசனைக்கு ஒரு சபாஷ் போடலாம்.

பலனும் கிடைத்தது. தொழில்துறை மதிப்பீட்டின்படி 2009ல் சுமார் 46 லட்சம் பேர் வந்துபோன ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் பூங்காவுக்கு 2011ல் சுமார் 76 லட்சம் பேர் வந்தார்கள். இரண்டே வருஷத்தில்! மார்க்கெட்டிங் பேப்பருக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடைப்பது கஷ்டம். 2014 ஜூலையில் பக்கத்துப் பூங்காவில் டயகன் ஆலி, அதே மாதம் ஒசாகா, 2016ல் ஹாலிவுட், 2021ல் பெய்ஜிங், 2025 மே மாதம் ஒர்லாண்டோவிலேயே எபிக் யுனிவர்சில் மந்திர அமைச்சகம். (சிங்கப்பூர் யுனிவர்சலில் ஹாரி பாட்டர் கிடையாது. அங்கே போய்த் தேட வேண்டாம்.)

ஒர்லாண்டோவில் ஹாக்ஸ்மீட் ஒரு பூங்காவில், டயகன் ஆலி இன்னொரு பூங்காவில். நடுவில் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில். அந்த ரயிலில் ஏற இரண்டு பூங்காவுக்கும் செல்லுபடியாகிற டிக்கெட் இருக்க வேண்டும். ஒரு பூங்காவுக்கு மட்டும் காசு கொடுத்தவன் பிளாட்பாரத்தைத் தாண்ட முடியாது. அமைச்சகமோ மூன்றாவது பூங்காவில், அதற்குத் தனி டிக்கெட். ஒரே கதையை மூன்று துண்டாக வெட்டி மூன்று வாசலில் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் 'பண்ட்லிங்' என்று சொல்லிக் கொடுப்பது இதைத்தான். படத்தில் அந்த ரயிலில் ஏறத் தேவைப்பட்டது சுவரை நோக்கி ஓடும் தைரியம்.

இப்போது வீஸ்லி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். ஆர்தர், மாலி, ஏழு பிள்ளைகள். ஒன்பது பேர். ஒன்பது இரட்டைப் பூங்கா டிக்கெட்டுக்கு ஆர்தரின் அரசாங்கச் சம்பளம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதையும் எப்படியோ சமாளித்து உள்ளே போய்விட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், ஜன்னல் ஜன்னலாக மந்திரம் போடுகிற விளையாட்டுக்கு அங்கேயே விற்கும் சென்சார் வைத்த கோல்தான் வேண்டும். ஒன்று அறுபது டாலருக்கு மேல். ஒன்பது பேருக்கு 540 டாலரைத் தாண்டும். கோல் இல்லாத பிள்ளை, பக்கத்துப் பிள்ளை கையைச் சுழற்றும்போது பொம்மை அசைவதை வேடிக்கை பார்க்கலாம். (ஆர்தர் மட்டும் சந்தோஷமாக இருப்பார். அவருக்குக் கார் பார்க்கிங்கில் இருக்கும் எஸ்கலேட்டரே போதும், சாயங்காலம் வரை ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்.)

இரண்டாவது படத்தில் ரானின் கோல் உடைந்து போகிறது. டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டுகிறான். புதுசு வாங்கித் தரும்படி வீட்டுக்கு எழுதவே அவனுக்குப் பயம். மால்ஃபாய் மீது ஏவிய மந்திரம் இவன் மீதே திரும்பி, நத்தை நத்தையாக வாந்தி எடுக்கிறான். தியேட்டரில் எல்லோரும் சிரித்த காட்சி. ஆனால் படத்தின் முடிவில் என்ன நடக்கிறது? லாக்ஹார்ட் என்ற அந்த டுபாக்கூர் வாத்தியார் இரண்டு பையன்களின் ஞாபகத்தையும் அழித்துவிடத் திட்டம் போட்டு, ரானின் கோலைத்தான் பிடுங்குகிறார். டேப் ஒட்டிய கோல் பின்பக்கமாக வெடித்து அவருடைய ஞாபகமே போய்விடுகிறது. புதுக் கோல் வாங்கக் காசில்லாததால் இரண்டு பேர் பிழைத்த கதை இது. ஆலிவாண்டர்ஸ் கடையில் இந்தக் கதையை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அங்கே நடப்பது வேறு. இருட்டு அறைக்குள் ஒரு சிறு கூட்டத்தை விடுகிறார்கள். பெரியவர் ஒருவர் கூட்டத்திலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறார், பெரும்பாலும் குழந்தையை. இரண்டு கோல் சரிப்படவில்லை, மூன்றாவதைத் தொட்டதும் வெளிச்சம், இசை. கோல்தான் மந்திரவாதியைத் தேர்ந்தெடுக்கிறது என்ற வசனத்தின் மேடை வடிவம். நன்றாகத்தான் இருக்கும். முடிந்ததும் கதவு திறப்பது கடைக்குள். தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைக்கும் கோல் இலவசம் இல்லை! பத்து வயதுப் பெண்ணின் கையில் கொடுத்து, விளக்குப் போட்டு, இதுதான் உன்னைத் தேர்ந்தெடுத்தது என்று இருபது பேர் முன்னால் அறிவித்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கவுன்ட்டரைக் காட்டினால் அந்த அப்பா என்ன செய்வார்? "வேண்டாம்மா, விலை ஜாஸ்தி" என்று அந்த இடத்தில் எந்த அப்பனால் சொல்ல முடியும்? கோல் தேர்ந்தெடுத்தது குழந்தையை இல்லை, பர்ஸை.

தாகத்துக்கு வந்தால், மந்திர உலகத்துக்குள் கோக் பெப்சி கிடையாது. நாவலாசிரியையே அப்படிக் கேட்டுக்கொண்டார் என்பார்கள், உலகத்தின் நம்பகத்தன்மை கெடக்கூடாதாம். நியாயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஃப்ளோரிடா வெயிலில் நடந்து களைத்தவன் அங்கே காண்பது பட்டர்பியரும் பூசணிச் சாறும்தான். இரண்டையும் வேறெங்கும் விலை ஒப்பிட முடியாது. சாதா தண்ணீர் பாட்டிலுக்குக்கூட 'கில்லிவாட்டர்' என்று லேபிள். போட்டியாளரே இல்லாத சந்தையை உருவாக்குவதற்குக் கலைநயத்தை இவ்வளவு லாவகமாகப் பயன்படுத்திய உதாரணம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

கிரிங்காட்ஸ் நோட்டு இன்னும் வேடிக்கை. டயகன் ஆலியில் ஒரு நாணய மாற்று நிலையம் உண்டு. நிஜ டாலரைக் கொடுத்தால் பத்து, இருபது என்று கிரிங்காட்ஸ் வங்கி நோட்டு தருவார்கள். பூங்காவுக்குள் செலவழிக்கலாம். கதையில் நோட்டே கிடையாது, நாணயம்தான்: 29 நட் ஒரு சிக்கிள், 17 சிக்கிள் ஒரு காலியன். அந்தக் கணக்கைப் போடப் பார்வையாளருக்கு எங்கே பொறுமை? வாங்கிய நோட்டை ஞாபகார்த்தமாகப் பலர் வீட்டுக்கே கொண்டு வந்துவிடுகிறார்கள். அதாவது பத்து டாலர் கொடுத்து ஒரு காகிதம். கம்பெனிக்கு அது வட்டியில்லாத, திருப்பிக் கேட்கவே போகாத கடன். ரிசர்வ் வங்கிகள் மட்டும் அனுபவித்துக்கொண்டிருந்த சுகம். கிரிங்காட்ஸ் பூதங்களுக்குத் தெரிந்தால் வயிறெரிந்து சாவார்கள்.

அந்த வங்கிக் கூரை மேல்தான் டிராகன் உட்கார்ந்திருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை வாயிலிருந்து நெருப்பு. நூறு செல்போன்கள் மேலே உயரும். இந்த டிராகன் எட்டாவது படத்தில் யார்? பாதாள அறையில் சங்கிலியால் கட்டி, சூரிய வெளிச்சமே காட்டாமல் வளர்க்கப்பட்ட ஜந்து. குலுக்கும் சத்தம் கேட்டாலே வலி வரப்போகிறது என்று பயந்து பின்வாங்கும்படி பழக்கப்பட்டது. ஹாரியும் ரானும் ஹெர்மயனியும் அதன் முதுகில் ஏறி, சங்கிலியை அறுத்து, கூரையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறார்கள். கூரை மேல் ஒரு கணம் நின்று மூச்சு வாங்குகிறது, பிறகு பறந்து போய்விடுகிறது. அந்த ஒரு கணத்தைத்தான் பூங்கா சிலையாக்கியிருக்கிறது. விடுதலையான மிருகத்தைப் பிடித்து வந்து மறுபடி அதே வங்கிக்கு விளம்பரப் பலகையாக உட்கார வைத்தாகிவிட்டது. 2014லிருந்து அங்கேயே இருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று 2017 வரை இருந்தது. 'டிராகன் சேலஞ்ச்' என்ற ரோலர்கோஸ்டர். உண்மையில் அது 1999ல் கட்டிய பழைய கோஸ்டர், ஹாரி பாட்டர் வந்ததும் புதுப் பெயர் சூட்டி, டிரைவிசார்ட் போட்டியாக மாற்றினார்கள். வரிசையில் நிற்கும்போது உற்சாகப் பதாகைகள், ஓரிடத்தில் நீல வெளிச்சத்தில் அந்தப் போட்டியின் கோப்பை. நாலாவது படத்தில் அந்தக் கோப்பையைத் தொட்டதால்தான் செட்ரிக் என்ற பையன் கல்லறை மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு நொடியில் சாகிறான். அவன் உடலைக் கட்டிப் பிடித்தபடி ஹாரி திரும்பி வரும்போது, என்ன நடந்தது என்று புரியாமல் பேண்டு வாத்தியம் வாசித்துக்கொண்டே இருக்கும். கூட்டம் கைதட்டும். பிறகு அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து கதறுவார். மொத்தத் தொடரிலும் நெஞ்சை அறுக்கிற காட்சி எது என்று கேட்டால் பலர் இதைத்தான் சொல்வார்கள். பூங்காவுக்கு அதில் பேண்டு வாத்தியம் மட்டும் பிடித்திருந்தது போலும்.

"அட, அது தீம் பார்க்கப்பா. குழந்தைகள் ஜாலியா இருக்கட்டும். அங்க போய் அழணுமா?" என்று கேட்பார்கள். அழ வேண்டாம். மெரி கோ ரவுண்டில் தத்துவம் தேடுகிறவன் முட்டாள். ஆனால் யுனிவர்சல் தன்னை வெறும் ரங்கராட்டினம் என்று விற்கவில்லையே! படத்துக்குள்ளேயே நுழைகிறீர்கள் என்று சொல்லித்தானே டிக்கெட் விற்கிறது? படத்துக்குள் நுழைய விடுவதாகச் சொல்பவனிடம் எந்தப் படம், எத்தனையாவது நிமிடம் என்று கேட்க உரிமை உண்டு.

இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது. படமே வியாபாரம்தானே? முதல் படத்தின் டயகன் ஆலிக் காட்சி ஒரு நீளமான ஷாப்பிங் காட்சிதானே? ரயிலில் தள்ளுவண்டிக்காரி வந்ததும், ரான் தன் வீட்டு சாண்ட்விச்சைக் காட்டிச் சமாளிக்க, ஹாரி தங்கக் காசை எடுத்துக் காட்டி மொத்தத்தையும் வாங்குவானே? உண்மை. மறுக்கவே முடியாது. முதல் படம் பளபளவென்று ஒரு கடை ஜன்னல்தான். ஆனால் படங்கள் அங்கேயே நிற்கவில்லை. ஆறாவது படத்தில் அதே டயகன் ஆலி வருகிறது. ஆலிவாண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், கடை நாசம், தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்தச் சாம்பல் தெருவில் ஒரே ஒரு கடை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும், வீஸ்லி இரட்டையர்களின் கேலிப்பொருள் கடை. முகப்பில் தொப்பியைத் தூக்கித் தூக்கி இறக்கும் பெரிய உருவம். சுற்றிலும் பயம் சூழ்ந்திருக்கும்போது இரண்டு பேர் பிடிவாதமாகச் சிரிக்க வைக்கிறார்கள் என்பதால்தான் அந்தக் கடைக்கு அழகு. பூங்காவிலும் அதே கடை, அதே தொப்பி. சுற்றியுள்ள இருபது கடைகளும் மினுக்குவதால் அது இருபத்தோராவது. இரட்டையரில் ஃப்ரெட் எட்டாவது படத்தில் செத்துப்போகிறான்.

2025ல் திறந்த அமைச்சகத்தைக் காட்டி, பார், இருண்ட பகுதிக்கும் வந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஆமாம், வந்தார்கள், பதினைந்து வருஷம் கழித்து. அம்ப்ரிட்ஜை விசாரணைக்குக் கொண்டு வருகிறார்கள், அவள் தப்பிக்கிறாள், துரத்தல் தொடங்குகிறது. ஏழாவது படத்தில் அதே கட்டடத்தில் அதே பெண்மணி என்ன செய்துகொண்டிருந்தாள்? மேஜை போட்டு உட்கார்ந்து, மந்திரவாதிப் பெற்றோருக்குப் பிறக்காதவள் என்று ஒரு அம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தாள். யார் பிறப்பால் சுத்தம் என்று படிவம் நிரப்புகிற அரசாங்கம் அது. அந்தப் படிவம்தான் பயம், துரத்தல் அல்ல.

கட்டடங்களைத்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டன் இருக்கிறது. ஒரு காலத்தில் விமான எஞ்சின் தொழிற்சாலை, பிறகு இந்த எட்டுப் படங்களும் உருவான ஸ்டுடியோ, 2012லிருந்து பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கேயும் கடை உண்டு, விலையும் குறைவில்லை. ஆனால் லீவ்ஸ்டன் பொய் சொல்வதில்லை. செட்டின் முன்பக்கத்தைக் காட்டிவிட்டுப் பின்பக்கப் பலகையையும் ஆணியையும் காட்டுகிறது. கடைசி அறையில் ஹாக்வார்ட்ஸ் கோட்டையின் மாடல், இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில். இத்தனை பேர் உட்கார்ந்து கையால் செய்தது என்று தெரிந்த பிறகும் பிரமிப்பு குறையாது, கூடும்.

வேல்ஸில் பெம்ப்ரோக்ஷயர் கடற்கரையில் ஃபிரெஷ்வாட்டர் வெஸ்ட் என்று ஓர் இடம். ஏழாவது படத்தில் டாபி செத்து, ஹாரி மந்திரம் எதுவும் போடாமல் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைப்பது அங்கேதான் எடுக்கப்பட்டது. படப்பிடிப்புக் குழு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போன பிறகு ரசிகர்களாகவே அங்கே டாபிக்கு ஒரு கல்லறை அமைத்தார்கள். வாசல் கிடையாது, டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. கூழாங்கல்லில் ஏதாவது எழுதி வைப்பார்கள். ஒரு காலுறையால் விடுதலையான அடிமைக்கு ஆளாளுக்குக் காலுறை கொண்டு வந்து போட்டார்கள். கடைசியில் அது சுற்றுச்சூழல் பிரச்சினையாகி, 2022ல் நேஷனல் டிரஸ்ட், கல்லறை இருக்கட்டும், காலுறையும் பெயிண்ட் அடித்த கல்லும் மட்டும் விட்டுப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. நிஜத்தில் இல்லாத ஒரு பொம்மை ஜீவனுக்காக மழையில் நனைந்துகொண்டே மணல்மேட்டில் ஏறி வந்த ஜனங்கள். அவர்களில் யாருக்கும் எட்டுப் படத்தையும் பார்த்துவிட்டுப் போ என்று உபதேசம் செய்யத் தேவையிருந்திருக்காது.

ஒர்லாண்டோ டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, கேன்சல் செய்தால் காசு வராது என்பவர்கள் போய்விட்டு வரட்டும். பட்டர்பியர் குடிக்கட்டும். நேரம் குறைவாக இருந்தால் முதல் ஆறு படங்களை விட்டுவிட்டு ஏழாவதையும் எட்டாவதையும் மட்டும் பார்க்கலாம், 276 நிமிடம்தான். ஓட்டாமல் பார்க்க வேண்டும், முக்கியமாகக் கூடாரக் காட்சிகளை. பிறகு ஆலிவாண்டர்ஸ் கடையில் டம்பிள்டோரின் கோலைக் கையில் எடுத்து, விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கட்டும்.